சுட வைத்தால் போதாது

தமிழ்நாட்டுச் சமையலறைகளில் அசைக்க முடியாத நம்பிக்கை ஒன்று உண்டு: எதையும் ஒரு கொதி விட்டு இறக்கினால் கெடுதல் போய்விடும். மதியச் சாம்பார் இரவு தோசைக்கு வரும். இரவு மிஞ்சிய சோறு காலையில் எலுமிச்சைச் சாதமாகும். ஞாயிற்றுக்கிழமைக் கோழிக் குழம்பு திங்கட்கிழமை டிபன் டப்பாவில் ஏறும். ஒவ்வொரு முறையும் அடுப்பில் ஏற்றி இறக்கியதும் மனம் சமாதானமாகிவிடுகிறது. நம்பிக்கையில் பாதி சரிதான். நன்றாகக் கொதித்தால் பெரும்பாலான கிருமிகள் சாகும். ஆனால் சில கிருமிகள், சாவதற்கு முன்பே உணவில் நஞ்சைச் சுரந்து வைத்துவிடும். அந்த நஞ்சை எந்த அடுப்பாலும் எடுக்க முடியாது. அதனால் சமையலறைச் சுத்தம் என்று பேச்சு வந்தால் நான் முதலில் கேட்கும் கேள்வி, இதை எத்தனை மணிக்கு இறக்கினீர்கள் என்பதுதான்.

சோறும் கடிகாரமும்

சோற்றையே எடுத்துக்கொள்வோம். பாசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா மண்ணில் வாழ்வது. நெல்லோடு சேர்ந்து அரிசிக்கும் வந்துவிடும். கெட்டியான உறை போர்த்திய வித்துகளாக அது அரிசியில் கிடக்கும். உலை கொதித்தாலும் அந்த வித்துகள் தப்பிக்கும். வடித்த சோறு ஆறத் தொடங்கியதும் முளைத்துப் பெருகும். பெருகும்போது சோற்றிலேயே நஞ்சைக் கக்கும். 121 டிகிரி வெப்பத்திலும் அழியாத நஞ்சு அது. பிரஷர் குக்கருக்குள் இருக்கும் வெப்பமே ஏறக்குறைய 120 டிகிரிதான் என்பதைச் சேர்த்துப் பாருங்கள். அப்படிப்பட்ட சோற்றைத் தாளித்தாலும் வறுத்தாலும் பயனில்லை. சாப்பிட்ட அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வரும். முந்தைய நாள் சோற்றில் செய்த ஃபிரைடு ரைஸ் உலகெங்கும் இதற்குப் பெயர்போனது.

இதே வகையில் இன்னும் இரண்டு. நம் மூக்கிலும் தோலிலும் ஆறாத வெட்டுக் காயத்திலும் இருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ், கை வழியாக உணவில் இறங்கும். கையால் கிளறிய சாதம், கையால் உதிர்த்த இறைச்சி, பால் இனிப்பு ஆகியவை வெளியே கிடந்தால் அதற்குக் கொண்டாட்டம். அதன் நஞ்சும் கொதியைத் தாங்கும். மற்றொன்று மீன். சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்றவை ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் சேரும். குழம்பு கொதித்தாலும் அது போகாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு தடித்து, தலை வலிக்கும். மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டு அந்த மீனையே ஆயுளுக்கும் ஒதுக்கிவிடுகிறோம். பல நேரம் குற்றம் மீனுடையது அல்ல, ஐஸ் இல்லாத அந்தச் சில மணி நேரத்துடையது.

உலக சுகாதார நிறுவனம் 2001இல் வீட்டுச் சமையலுக்கு ஐந்து விதிகளை வெளியிட்டது. சுத்தம், பச்சையையும் சமைத்ததையும் பிரித்து வைத்தல், முழுமையாக வேகவைத்தல், சரியான வெப்பத்தில் வைத்தல், நல்ல தண்ணீரும் நல்ல பொருளும். இவற்றில் நான்காவதைத்தான் நாம் கைவிட்டுவிட்டோம். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்த உணவு அந்த நிலையில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெளி வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான் என்பது அமெரிக்க வேளாண்மைத் துறையின் அறிவுரை. மே மாதத்து மதுரையிலோ வேலூரிலோ ஜன்னல் சிறுத்த ஒரு சமையலறையை நினைத்துக்கொண்டால் நமக்கு எந்தக் கணக்கு பொருந்தும் என்பது விளங்கும்.

செய்ய வேண்டியது சிறிய காரியம்தான். இரவுக்கும் சேர்த்துச் சமைத்தால், இறக்கியவுடனே இரவுப் பங்கைத் தனியாக எடுத்துவிடுங்கள். ஆழமான குண்டானில் விட்டால் நடுப்பகுதி ஆற மணிக்கணக்காகும். தாம்பாளத்திலோ அகலமான பாத்திரத்திலோ பரப்புங்கள். குழம்பென்றால் பாத்திரத்தைக் குளிர்ந்த நீர்த் தொட்டியில் வைத்துக் கிளறுங்கள். வெதுவெதுப்பு நிலைக்கு வந்ததும் சிறிய டப்பாக்களில் பிரித்து ஃபிரிட்ஜில் வைக்கலாம். முழுக்க ஆறித்தான் உள்ளே போக வேண்டும் என்று மாலை வரை மேடையில் விட்டுவைப்பது பழைய காலத்துச் சிறிய ஃபிரிட்ஜுகளை எண்ணிப் பிறந்த பயம். மறுபடி எடுக்கும்போது வேண்டிய அளவை மட்டும் எடுத்து, நடுவிலும் குமிழி வரும்படி கொதிக்க விடுங்கள். மொத்தப் பாத்திரத்தையும் நாளுக்கு மூன்று முறை சுட வைத்து, ஆற வைத்து, மறுபடி உள்ளே தள்ளுவதுதான் மிகக் கெட்ட வழக்கம். கிருமிக்கு மூன்று முறை வாய்ப்புக் கொடுக்கிறோம்.

நம் முன்னோர் ஃபிரிட்ஜ் இல்லாமல் வாழவில்லையா என்று கேட்பார்கள். வாழ்ந்தார்கள், எது தாங்கும், எது தாங்காது என்று தெரிந்து வாழ்ந்தார்கள். ரயிலுக்கும் யாத்திரைக்கும் கட்டியது புளியோதரை. புளியின் அமிலம், உப்பு, நல்லெண்ணெய், குறைந்த ஈரம் எல்லாம் சேர்ந்து கிருமிகளை அடக்கும். வத்தக்குழம்பு தாங்குவதும் இதனால்தான். தேங்காய் அரைத்துவிட்ட கூட்டு, தேங்காய்ப் பால் குழம்பு, தேங்காய்ச் சட்னி மூன்றையும் யாரும் அடுத்த வேளைக்கு வைத்ததில்லை. இட்லி மாவு புளிக்கும்போதும் அமிலம் சுரந்து தன்னைக் காத்துக்கொள்கிறது. பழைய சோறும் அந்த வழியில் வந்ததுதான். ஆனால் அதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. மதியம் வடித்து இரவு பத்து மணி வரை திறந்து கிடந்த சோற்றில் தண்ணீர் ஊற்றுவதால் அது நல்ல பழையது ஆகிவிடாது. சோறு ஆறியதும் தாமதிக்காமல், சுத்தமான பாத்திரத்தில், கொதித்து ஆறிய நீர் ஊற்றி மூடி வைத்து, காலையிலேயே சாப்பிட்டுவிட வேண்டும். கொழகொழத்தாலோ வாடை மாறினாலோ கொட்டிவிடுங்கள். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் நோயில் இருப்பவருக்கும் புதுச் சோறே கொடுங்கள்.

பிள்ளைகளின் டிபன் டப்பாவுக்கும் இதே கணக்கைப் போடுங்கள். காலை ஏழு மணிக்குக் கட்டியது பன்னிரண்டரைக்குத் திறக்கிறது. அதாவது ஐந்தரை மணி நேரம் புத்தகப் பைக்குள். புளிச் சாதம், எலுமிச்சைச் சாதம், நன்றாகப் புளித்த தயிர் சேர்த்த தயிர்ச் சாதம், இட்லி மிளகாய்ப்பொடி, சப்பாத்தியும் உலர்ந்த பொரியலும் தாங்கும். தயிர் புளிக்கக் கூடாது என்று பாலை நிறைய ஊற்றி மோரைச் சொட்டு விடுவது வீட்டுச் சாப்பாட்டுக்குச் சரி, பையில் கட்டுவதற்குச் சரியல்ல. தேங்காய்ச் சட்னியும் முட்டை மசாலாவும் பனீர் குழம்பும் வேண்டவே வேண்டாம். ஹாட்பாக்ஸ் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள்: அது 60 டிகிரிக்கு மேல் காக்கும் வரைதான் காவல். அதற்குக் கீழே இறங்கிவிட்டால் கிருமிக்கு இதமான சூட்டை மணிக்கணக்காக அதுவே கொடுக்கும்.

கரித்துணியும் கோழியும்

சமையலறையில் அழுக்கான இடம் எது என்று கேட்டால் பலரும் குப்பைத் தொட்டியைக் காட்டுவார்கள். எனக்குக் கரித்துணி மேல்தான் சந்தேகம். ஒரே துணி சூடான பாத்திரத்தை இறக்கும், மேடையைத் துடைக்கும், கையைத் துடைக்கும், சில வீடுகளில் சாப்பாட்டுத் தட்டையும் துடைக்கும். எப்போதும் ஈரம், எப்போதும் கொஞ்சம் உணவுத் துணுக்கு. கிருமி வளர வேறென்ன வேண்டும்? பிடிக்க ஒன்று, மேடைக்கு ஒன்று, கைக்கு ஒன்று என்று பிரித்து வையுங்கள். தினமும் மாற்றி, வெந்நீரில் அலசி, வெயிலில் காயப் போடுங்கள். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சும் இப்படித்தான். கறுத்துப்போனதைக் காசு பார்க்காமல் தூக்கிப்போடுங்கள்.

கோழியைக் கழுவுவது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குழாயை முழுவேகத்தில் திறந்து கோழித் துண்டுகளை அதன் அடியில் காட்டினால், சால்மோனெல்லாவும் கேம்பிலோபாக்டரும் நீர்த்துளியோடு சுற்றிலும் தெறிக்கும். பக்கத்தில் கழுவி வைத்த கொத்தமல்லியிலும் தட்டிலும் அவை உட்காரும். கோழி அடுப்பில் வெந்துவிடும், கொத்தமல்லி வேகாது. அதனால்தான் பல நாடுகளில் கோழியைக் கழுவவே வேண்டாம் என்கிறார்கள். மஞ்சள் போட்டுக் கழுவாமல் நம்மால் இருக்க முடியாது. அதை நான் மாற்றச் சொல்லப் போவதில்லை. ஆழமான பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து, குழாயை மூடிவிட்டு, தெறிக்காமல் அலசுங்கள். பச்சையாகச் சாப்பிடும் எதுவும் அப்போது அருகில் இருக்க வேண்டாம். முடிந்ததும் தொட்டியையும் மேடையையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மஞ்சள் கிருமியைக் கொன்றுவிடும் என்று நம்பி அந்தச் சோப்பை விட்டுவிடாதீர்கள்.

கறிக்கு ஒரு பலகை, ஒரு கத்தி, காய்க்கு வேறு. ஃபிரிட்ஜில் பச்சைக் கறியும் மீனும் மூடிய டப்பாவில் கீழ்த்தட்டில் இருக்கட்டும். மேலே வைத்தால் அதன் நீர் ஒழுகி மோர்ப் பாத்திரத்தில் விழும். மிக்ஸி ஜாரின் ரப்பர் வளையத்தையும் பிளேடுக்கு அடியையும் வாரம் ஒருமுறையாவது கழற்றிப் பாருங்கள். முந்தா நாள் சட்னி அங்கே இருக்கும்.

கை கழுவுவது எல்லாருக்கும் தெரிந்ததே. சோப்புப் போட்டு 20 நொடி, விரலிடுக்கிலும் நகக்கண்ணிலும் தேய்க்க வேண்டும், அவ்வளவுதான். அதைவிட முக்கியமான, யாரும் பேசாத ஒன்று உண்டு. வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருப்பவர், அது நின்று 2 நாள் ஆகும் வரை மற்றவர்களுக்குச் சமைக்கக் கூடாது. நம் வீடுகளில் அம்மாவுக்கு வயிற்றுப்போக்கு என்றாலும் அடுப்படியில் நிற்பது அம்மாதான். இது அவருக்குக் கொடுமை, வீட்டுக்கும் ஆபத்து. அந்த இரண்டு நாள் வேறு யாராவது கஞ்சி காய்ச்சட்டும். அப்பாவும் பிள்ளைகளும் அதற்குமுன்பே கற்றுக்கொண்டிருக்க வேண்டும்.

அளவு என்பதும் சுத்தம்தான்

கிருமி இல்லாத உணவும் மெல்லக் கெடுதல் செய்யும். இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆய்வு 2023இல் மதிப்பிட்டது. நம் தட்டில் சோற்று மலையும் அதன் ஓரத்தில் ஒரு கரண்டிப் பொரியலும் இருப்பதை வைத்துப் பார்த்தால் வியப்பதற்கில்லை. பொரியலை முதலில் பரிமாறி, அதை இரண்டு கரண்டியாக்கி, பிறகு சோற்றுக்கு வாருங்கள். காயும் பழமும் சேர்த்து ஒருவருக்கு ஒரு நாளைக்கு 400 கிராமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உருளைக்கிழங்கு அந்தக் கணக்கில் வராது.

உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள். ஊறுகாய், அப்பளம், கருவாடு, வற்றல் நான்கும் ஒரே வேளையில் வந்தால் அதிலேயே அளவு தாண்டிவிடும், ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நாளுக்கு நான்கு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை என்றால் 32 கிராம் ஆயிற்று. 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது பரிந்துரை. எண்ணெய்க்கு என் யோசனை எளியது: ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் என்று வாங்குங்கள். நான்கு பேர் வீட்டில் இரண்டு லிட்டர் மாதக் கடைசி வரை வர வேண்டும். கரண்டியை அளப்பதைவிடப் புட்டியை அளப்பது நடக்கும்.

பொரித்த எண்ணெயையும் திரும்பத் திரும்பச் சுட வைக்கிறோம். முறுக்கு சுட்டதில் அப்பளம், அப்பளம் பொரித்ததில் மீன். ஒவ்வொரு சூட்டிலும் எண்ணெய் உடைந்து உடலுக்கு ஆகாத சேர்மங்கள் கூடுகின்றன. கடைகளுக்கு இதில் சட்டமே இருக்கிறது: மொத்தத் துருவச் சேர்மங்கள் எனப்படும் இவை 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயை 2018 ஜூலை 1 முதல் பயன்படுத்தக் கூடாது. வீட்டில் அளக்கும் கருவி இல்லை. நிறம் கறுத்து, நுரை அடங்காமல், சீக்கிரமே புகைந்தால் அதன் காலம் முடிந்தது. கொஞ்சமாக ஊற்றிப் பொரியுங்கள். மிஞ்சியதை வடிகட்டி ஓரிரு நாளில் தாளிப்பதற்குத் தீர்த்துவிடுங்கள்.

ஹோட்டலில் எதைப் பார்ப்பது

ஹோட்டலுக்குள் நுழைந்ததும் மின்விளக்கையும் ஏசியையும் பார்த்து மயங்க வேண்டாம். கை கழுவும் இடத்தில் சோப்பு இருக்கிறதா, மேசை துடைக்கும் துணி எப்படி இருக்கிறது, டம்ளருக்குள் விரல் விட்டுத் தூக்குகிறார்களா, பணம் வாங்கிய கையாலேயே வடை எடுத்து வைக்கிறார்களா என்று பாருங்கள். கண்ணெதிரே இப்படி நடந்தால் கதவுக்குப் பின்னால் நடப்பதை ஊகிக்கலாம். உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்கப் பதிவு எண்ணைக் கடையில் மாட்டியிருக்க வேண்டும். 2022 தொடக்கத்திலிருந்து பில்லிலும் அச்சிட வேண்டும். எண் இருப்பதால் மட்டும் உணவு நல்லதாகிவிடாது. எண்ணே இல்லாத கடையில் ஏதாவது நடந்தால் கேட்க வழி குறைவு.

எந்தக் கடைக்குப் போகலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில்: எந்த நேரத்தில் போகிறீர்கள்? மதியம் பன்னிரண்டரைக்குப் பந்தி நகரும் மெஸ்ஸில் சோறு புதிது. அதே மெஸ்ஸில் மூன்றரை மணிக்கு மிஞ்சியிருக்கும் கூட்டைத் தவிர்த்துவிடுங்கள். கூட்டம் உள்ள சாதாரணக் கடை, ஆளில்லாத அலங்காரக் கடையைவிடப் பல நேரம் நல்லது. அங்கே உணவு தேங்குவதில்லை. கண்முன் சுடும் தோசை, எண்ணெயிலிருந்து அப்போதே எடுத்த வடை, ஆவி பறக்கும் இட்லி ஆகியவற்றில் பயம் குறைவு. கவனம் வேண்டியது சட்னியில்தான். தோசை கல்லில் வெந்தது. சட்னி எதிலும் வேகவில்லை. அதில் நீர்க்க ஊற்றும் தண்ணீர் பெரும்பாலும் கொதித்ததும் அல்ல. மாலைக் கடையில் காலைச் சட்னி என்று நாக்கில் பட்டால் வாய்க்குள்ளேயே நிறுத்திவிடுங்கள். அங்கே சாம்பார் நல்ல துணை.

ஷவர்மா பற்றிப் பெற்றோர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். 2022 மே மாதம் கேரளத்தின் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட மாணவி ஒருவர் இறந்தார். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் அதைச் சாப்பிட்ட பதினான்கு வயதுச் சிறுமி ஒருவர் இறந்தார். கோளாறு கறியைக் குத்திச் சுடும் அந்தக் கம்பியின் அமைப்பிலேயே இருக்கிறது. வெளிப்புறம் மட்டும் தீயில் வேகும், அதைச் சீவச் சீவ உள்ளே இருப்பது வெளியே வரும். கூட்டம் அதிகமானால் வேகும் முன்பே சீவுவார்கள். கூட்டம் இல்லையென்றால் தீயைக் குறைத்துவிடுவார்கள். அரைவேக்காட்டுக் கறி இளஞ்சூட்டில் மணிக்கணக்காக நிற்கும். மேலே பச்சை முட்டை மயோனைஸ் வேறு. அந்த மயோனைஸைத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை செய்தது. பச்சை முட்டையில் சால்மோனெல்லா இருக்கக்கூடும் என்பதே காரணம். தடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதைத் தொடாதீர்கள். ஷவர்மா வேண்டியே தீரும் என்றால், சீவிய கறியைத் தவாவில் மறுபடி வேகவைத்துத் தரும் கடையில் மட்டும் வாங்குங்கள். சிறு பிள்ளைகளுக்கு வேண்டாம் என்பது என் தீர்ப்பு.

பளீரென்ற சிவப்பில் சில்லி சிக்கனும் காலிஃபிளவரும் வந்தால் அந்த நிறம் மிளகாயிலிருந்து வரவில்லை. 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயைத் தமிழகம் தடை செய்தது, துணிச் சாயமான ரோடமின்-பி அதில் இருந்ததால்தான். விரலில் ஒட்டிக் கழுவினாலும் போகாத நிறத்தை வயிற்றுக்குள் அனுப்பாதீர்கள். பஜ்ஜியை அச்சடித்த செய்தித்தாளில் வைத்துப் பிழிவதும் அப்படித்தான். அச்சு மையில் ஈயம் போன்ற உலோகங்கள் இருக்கலாம் என்பதால் உணவைச் செய்தித்தாளில் மடிப்பதை 2018ஆம் ஆண்டின் விதிகள் தடுக்கின்றன. சூடான சாம்பாரைப் பிளாஸ்டிக் பையில் வாங்குவதை நிறுத்துங்கள். தூக்குப் பாத்திரம் கொண்டு போனால் யாரும் சிரிக்க மாட்டார்கள்; சிரித்தாலும் பரவாயில்லை.

வயிறு கெட்டுவிட்டால்

முதல் வேலை, உடலில் நீர் குறையாமல் காப்பது. உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட் வீட்டில் எப்போதும் இருக்கட்டும். இல்லாவிட்டால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டையும் தலைதட்டி அளந்து போட்டுக் கலக்கி, சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுங்கள். மருந்துக் கடையில் கேட்டு ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடாதீர்கள். மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், குடித்ததெல்லாம் வெளியே வருவது, சிறுநீர் குறைவது, துவண்டு போவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். குழந்தையோ முதியவரோ என்றால் அதுவரைக்கும்கூடக் காத்திருக்கக் கூடாது.

வெளியில் சாப்பிட்டதால் வந்தது என்று தெரிந்தால் பில்லைத் தூக்கிப்போடாதீர்கள். சாப்பிட்ட தேதி, நேரம், உணவின் பெயர், உடன் சாப்பிட்டவர்களுக்கும் அப்படி ஆனதா என்பதைக் குறித்துக்கொண்டு, படம் இருந்தால் அதையும் சேர்த்து, தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்புங்கள். நமக்குச் சரியாகிவிட்டதே என்று விட்டுவிட்டால் நாளை அதே மேசையில் வேறொரு வீட்டுக் குழந்தை உட்காரும். தயவுசெய்து புகார் கொடுங்கள்.